வாடகை குறைந்த கிராமப்புறத்தில் வாழ்வது எப்படி இருக்கும்?

வாடகையும் நில விலையும் குறைவான கிராமப்புறத்துக்குக் குடிபோகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். ஆனால் அங்கே விலை ஏன் குறைவு என்று முதலில் யோசியுங்கள். வேலை, மருத்துவமனை, கல்லூரி எல்லாம் தள்ளி இருப்பதால்தான் அந்த இடத்துக்குப் போட்டி இல்லை. வாடகையில் மிச்சமாவதில் ஒரு பங்கு எரிபொருளுக்கும் வண்டிப் பழுதுக்கும் போய்விடும். இரண்டு பேர் வேலைக்குப் போனால் பெரும்பாலும் இரண்டு வண்டி.

எனக்குப் பெரிய கவலை மருத்துவம்தான். பக்கவாதம் வந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதுவும் ஸ்கேன் எடுத்த பிறகு. அதனால் வீடு பார்க்கும்போதே, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு இரவில் ஒருமுறை வண்டி ஓட்டிப் போய் நேரம் பார்த்துவிடுங்கள். வயதானவர்கள் கூட இருந்தால் இதில் சமரசமே வேண்டாம்.

அப்புறம் இணையம். கம்பி இணைப்போ நல்ல செல்போன் சிக்னலோ இல்லையென்றால் செயற்கைக்கோள்தான் கதி. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் பழைய வகையில் அரை நொடிக்கு மேல் தாமதமாகும்; வீடியோ அழைப்பில் பேச்சு முட்டிக்கொள்ளும். தாழ்வாகச் சுற்றும் புதிய வகையில் அந்தத் தொல்லை குறைவு.

கிணற்றுத் தண்ணீர் என்றால் பரிசோதித்துக் குடியுங்கள். மின்சாரம் போனால் மோட்டாரும் நிற்கும் என்பது முதல் தடவை போகும்போதுதான் உறைக்கும்.

அமைதி நிஜம், இரவு வானமும் நிஜம். ஆனால் நீங்கள் எங்கே கிளம்பினீர்கள் என்பது அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். சிலருக்கு அது பாதுகாப்பு, எனக்குக் கொஞ்சம் மூச்சுமுட்டல். வாங்கும் முன் ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். மோசமான பருவமும் அதில் வரட்டும்.