மணிக்கட்டு ஒடிந்ததை ஏன் கடைசியில் எழுதினீர்கள்?

கேள்வி: எனக்கு 57 வயது. மாதவிடாய் நின்று ஏழு வருடம் ஆகிறது. முதுகு வலிக்கிறதே என்று லேப்பில் பெண்களுக்கான பேக்கேஜ் டெஸ்ட் எடுத்தேன். ஈஸ்ட்ரோஜன் குறைவு, எஃப்.எஸ்.ஹெச். அதிகம் என்று வந்திருக்கிறது. எலும்பு தேய்ந்துவிட்டதா? வேறு எந்த ஹார்மோனைப் பார்க்க வேண்டும்? மற்றபடி எனக்கு ஒன்றும் இல்லை. போன மார்கழியில் வாசல் தெளித்த ஈரத்தில் வழுக்கி மணிக்கட்டு ஒடிந்தது, அவ்வளவுதான். மகளுக்கு வளைகாப்பு வந்ததால் மாவுக்கட்டை முன்னாலேயே பிரித்துக்கொண்டேன்.
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: 'அவ்வளவுதான்' என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? ஓடும் பஸ்ஸிலிருந்தா விழுந்தீர்கள்? மாடியிலிருந்தா? வாசலில் நின்றபடி வழுக்கியதற்கே கை ஒடிந்திருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இப்படி ஒடிந்தால், எலும்பு வலுவிழந்திருக்கிறதா என்று அப்போதே பார்த்திருக்க வேண்டும்.

லேப் ரிப்போர்ட்டை மடித்து வையுங்கள். ஏழு வருடம் கழித்து ஈஸ்ட்ரோஜன் இறங்கி, சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோன் ஏறித்தான் இருக்கும். சினைப்பை ஓய்ந்துவிட்டது என்பதற்கு மேல் அதில் சேதி இல்லை. ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை எலும்பு கரைவதற்கு ஒரு கடிவாளம் இருந்தது. அது போனதும் முதல் சில வருடங்களில் வேகமாகக் கரைகிறது. எவ்வளவு கரைந்தது, எவ்வளவு மிச்சம் என்பதை அந்த எண்கள் சொல்லாது.

அதைச் சொல்வது எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். இடுப்பையும் கீழ் முதுகையும் பார்ப்பார்கள். உங்கள் எலும்பை ஆரோக்கியமான இளம் வயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்தான் டி-ஸ்கோர். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய். ரத்தத்தில் பார்க்க வேண்டியது வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், தைராய்டு. வைட்டமின் டி குறைந்தால் பாராதைராய்டு ஏறி, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிக் கொடுக்கும். தைராய்டு மாத்திரை அளவு மீறினாலும் எலும்பு மெலியும்.

அந்த முதுகு வலிக்கும் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். முதுகெலும்பு சத்தமில்லாமல் நொறுங்கும். உயரம் குறைந்திருக்கிறதா என்று சுவரோரம் நின்று அளந்து பாருங்கள்.

அப்புறம் அந்த வளைகாப்பு. மகளுக்கு வளையல் போட வேண்டிய கை என்று கட்டைப் பிரித்தீர்கள். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் நாளைக்கு இடுப்பு ஒடிந்து நீங்கள் படுத்தால், கைக்குழந்தையோடு அவள்தான் ஓடி வர வேண்டும். பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் அவளை உங்களுக்குப் பணிவிடை செய்ய வைப்பதா தாய்க்கு அழகு? உங்கள் வீட்டாரையும் விட மாட்டேன். வழுக்கி விழுந்ததற்கே அம்மா கை ஏன் ஒடிந்தது என்று ஒருவர்கூடவா கேட்கவில்லை? மகளுக்கு இன்றே போன் போட்டு விஷயத்தைச் சொல்லுங்கள். எலும்பு மெலிவு தாய்வழியிலும் வரும், அவளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வாரமே எலும்பு டாக்டரையோ நாளமில்லாச் சுரப்பி டாக்டரையோ பாருங்கள். வீட்டில் யாரையாவது கூட வரச் சொல்லுங்கள், தனியாகப் போகாதீர்கள். பேக்கேஜ் ரிப்போர்ட் பையிலேயே இருக்கட்டும். அந்த மணிக்கட்டு எக்ஸ்ரேயைத் தேடி எடுத்து, அதை முதலில் நீட்டுங்கள்.