நான்கு மாதச் சந்தா பாக்கி: மரண நிவாரண நிதியை மறுக்க முடியுமா?

கேள்வி: களியக்காவிளையில் மளிகைக் கடை வைத்திருந்த என் கணவர், வியாபாரிகள் சங்கத்தில் 14 ஆண்டுகள் உறுப்பினர். மாதச் சந்தா 100 ரூபாய். உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் தரும் திட்டம் உண்டு. அதற்குத் தனியாகவும் பணம் பிரிப்பார்கள். அவர் இறந்தபோது 4 மாதச் சந்தா பாக்கி. “3 மாதம் கட்டாவிட்டால் உறுப்பினரே இல்லை” என்று சொல்லி, 20,000 ரூபாயை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: சகோதரி, அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். வவுச்சரில் “இனி எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை” என்று ஒரு வரி இருந்தால், மீதித் தொகைக்கான வழக்கு அங்கேயே பலவீனமாகிவிடும்.

எல்லாம் பைலாவின், அதாவது சங்கத்தின் விதித் தொகுப்பின் வாசகத்தில்தான் இருக்கிறது. “3 மாதம் தவறினால் நீக்கலாம்” என்றிருந்தால், பாக்கி விழுந்ததாலேயே உறுப்பினர் பதவி போகாது. நோட்டீஸ் கொடுத்து, விளக்கம் கேட்டு, நிர்வாகக் குழு தீர்மானம் போட்டு நீக்கியிருக்க வேண்டும். உறுப்பினரை நீக்கும்போது சங்கம் தன் விதிகளை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது. “தானாகவே நீங்கியவராவார்” என்றிருந்தால் உங்கள் நிலை சற்றுக் கடினம்தான்.

அப்போதும் பழைய ரசீதுகள் கைகொடுக்கும். ஒவ்வொன்றிலும் பணம் கட்டிய தேதியையும், எந்த மாதத்துக்கு வரவு வைத்தார்கள் என்பதையும் பாருங்கள். உதாரணமாக, பிப்ரவரி முதல் மே வரையான சந்தாவை ஜூனில் மொத்தமாக வாங்கி, உறுப்பினராகவே வைத்திருந்தார்கள் என்றால், அந்த விதியைச் சங்கமே கண்டுகொள்ளவில்லை என்று வாதிடலாம். பாக்கி இருந்த மாதங்களில் வேறொருவர் மரணத்துக்கு உங்கள் கணவரிடம் பணம் பிரித்த ரசீது கிடைத்தால், அது எல்லாவற்றையும்விட வலுவான சான்று.

சங்கம் காட்டும் அச்சுப் புத்தகத்தை நம்ப வேண்டாம். பதிவான பைலாவின் சான்றிட்ட நகலை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்குங்கள். பதிவாகாத திருத்தத்தை உங்கள் மேல் திணிக்க முடியாது. களியக்காவிளை கேரள எல்லைப் பகுதி என்பதால் பதிவு எந்த மாநிலத்தில் என்பதையும் பாருங்கள். நம் பக்கம் என்றால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். கேரளத்தின் பாறசாலைப் பக்கம் என்றால் 1955-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சி சங்கங்கள் பதிவுச் சட்டம்.

பதிவாளரிடம் புகார் கொடுத்தால் பணம் வந்துவிடும் என்று பலர் அலைகிறார்கள். தமிழ்நாட்டுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு விசாரணை சங்கத்தின் அமைப்பு, செயல்பாடு, நிதிநிலை பற்றியது. உங்களுக்கு 2 லட்சம் கொடு என்று உத்தரவிட அல்ல.

முதலில் பதிவு வசதியோடு கூடிய விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்), சேர்ப்பித்ததற்கான சான்றோடு, எழுத்து மூலம் கேளுங்கள். பாக்கி 400 ரூபாயை நிவாரணத் தொகையில் கழித்துக்கொள்ளச் சொல்லி அதிலேயே எழுதுங்கள். ரசீது தராத யாரிடமும் அதை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ரசீது நகல்களை இணையுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.

மறுத்தால் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாரிசும் புகார் தரலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தரலாம் என்பதால், சங்கம் கேரளத்தில் பதிவாகியிருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. கெடு 2 ஆண்டு. “இது சேவை அல்ல, பரஸ்பர உதவி” என்று சங்கம் வாதிடும். திட்டத்துக்கென்றே தனியாகப் பணம் வாங்கிய ரசீதுதான் அதற்குப் பதில். உரிமையியல் நீதிமன்றம் என்றால் 3 ஆண்டு. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. குழித்துறை நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள்.

உங்கள் கணவர் தமிழ்நாடு வணிகர் நல வாரியத்திலும் பதிந்திருந்தாரா என்று அவருடைய கடைக் காகிதங்களில் தேடுங்கள். உறுப்பினர் இறந்தால் கிடைக்கும் அதன் குடும்ப நல உதவி அரசு வாரியம் தருவது. சங்கத்துச் சந்தா பாக்கி அதைத் தடுக்காது.