“இவனுக்கு என்ன திறமை?”

மேடம், என் மகனுக்கு 9 வயது. ஆட்டிசம். பேச்சு கொஞ்சம்தான். என் பிரச்சினை அவன் இல்லை, சொந்தக்காரர்கள். ‘எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ’ கொரியன் தொடரைப் பார்த்ததிலிருந்து நாத்தனார் எப்போது வந்தாலும், “இவனுக்கு என்ன திறமை அண்ணி?” என்கிறாள். அதில் வக்கீல் பெண்ணுக்குச் சட்டமெல்லாம் மனப்பாடமாம். கல்யாண வீட்டில் ஒருவர் தேதி சொல்லி, என்ன கிழமை என்று இவனைக் கேட்டார். இவன் சாம்பார் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரும் சிரித்தார்கள். படம் எடுப்பவர்களுக்கு மனசாட்சியே இல்லையா? நானும் அபாகஸ், ஓவியம், கீபோர்டு எல்லாம் சேர்த்துப் பார்த்துவிட்டேன். (கீபோர்டு கிளாஸ் வாசலிலேயே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான், அது கிடக்கட்டும்.) வீட்டில் கிரைண்டர் ஓடினால் மட்டும் பக்கத்திலேயே இருந்து கல் சுற்றுவதைப் பார்ப்பான். தீபாவளிக்கு மறுபடி நாத்தனார் வருகிறாள். என்ன பதில் சொல்ல?

— ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரி,

சிரித்தவர்கள் மேல் எனக்கும் கோபம்தான். இந்தக் கேள்வியைப் பரப்பியதில் 1988-இல் வந்த ‘ரெயின் மேன்’ படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் வரும், ஆட்டிசமும் அபார நினைவாற்றலும் உள்ள பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த கிம் பீக் ஆயிரக்கணக்கான புத்தகங்களை நினைவில் வைத்திருந்தவர். அவருக்கு இருந்தது ஆட்டிசமே இல்லை என்று பின்னாளில் மருத்துவர்கள் கருதினார்கள். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை இல்லாமல் பிறந்தவர் அவர். அப்படிப்பட்ட அபூர்வ நினைவாற்றல் ஆட்டிசம் உள்ளவர்களில் சிலருக்குத்தான் உண்டு. கதைக்கு வசதி என்பதால் திரையில் அவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

சரி, நாத்தனாரை விடுங்கள். அடைப்புக்குறிக்குள் போட்டு “அது கிடக்கட்டும்” என்றீர்களே, அதை நான் விடுவதாக இல்லை. அபாகஸ், ஓவியம், கீபோர்டு. நாத்தனார் வாயால் கேட்டதைத்தான் நீங்கள் ஃபீஸ் கட்டிக் கேட்டிருக்கிறீர்கள். அவள் வருடத்துக்கு நாலு முறை கேட்கிறாள், நீங்கள் வாரம் தவறாமல். வலிக்கும்படி சொல்கிறேன், மன்னியுங்கள்.

கிரைண்டர் இரைச்சலைத் தாங்குகிறவன் கீபோர்டுக்கு ஏன் காதைப் பொத்துகிறான்? நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரே சீராக ஓடும் சத்தம் வேறு, பத்துப் பிள்ளைகள் ஆளுக்கொன்றாகத் தட்டும் சத்தம் வேறு. பேச்சு கொஞ்சம் என்கிறீர்கள். அந்த வாசலில் அவன் தெளிவாகத்தான் பேசியிருக்கிறான்.

அடுத்த முறை மாவு ஆட்டும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். அதைத் திறமையாக்கிவிட வேண்டாம், சும்மா உட்காருங்கள். நாத்தனார் கேட்டால், “ஒன்றுமில்லை, கிரைண்டர் பார்க்கப் பிடிக்கும்” என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போங்கள். அப்புறம் அந்தக் கீபோர்டு, வாங்கியிருந்தால், அக்கம்பக்கத்தில் ஆசைப்படும் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம்.