ஒரு சி பிளஸ்ஸின் எடை

அன்புள்ள ஐயா,

நான் நியூ ஜெர்சியில், மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கத் தயாராகும் ப்ரீ-மெட் மாணவியாக டிகிரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எட்டாம் வகுப்பு வரை கரூரில் படித்ததால் தமிழில் எழுத வரும். மூன்று செமஸ்டர் முடிந்துவிட்டது. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி முதல் பாகத்தில் சி பிளஸ். எல்லாப் பாடங்களின் சராசரியான ஜிபிஏ நான்குக்கு 3.41. புத்தகத்தை வரி விடாமல் மனப்பாடம் செய்தேன், அப்படியும் இதுதான் வந்தது. கோயிலுக்குப் போனால் அப்பா எல்லாரிடமும் ‘பொண்ணு டாக்டருக்குப் படிக்கிறா’ என்கிறார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கிரேடு வந்ததை இன்னும் வீட்டில் சொல்லவில்லை. அந்தப் பாடத்தைத் திரும்ப எடுக்கலாமா, இல்லை இந்த ஆசையையே விட்டுவிடலாமா? நீங்கள் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவர் என்று படித்தேன். அதனால் கேட்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

சொல்லிக்கொடுத்தேன் என்பது பெரிய வார்த்தை. அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவனாக இருந்த வருடங்களில் லேப் நடத்தினேன், கட்டுக் கட்டாகப் பேப்பர் திருத்தினேன். உங்கள் சி பிளஸ் மாதிரி எத்தனையோ என் பேனாவிலிருந்தே போயிருக்கின்றன.

முதலில் கணக்கைப் போட்டுவிடலாம். ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை கிரெடிட் என்று ஓர் எடை உண்டு; இதுவரை சுமார் 45 கிரெடிட் முடித்திருப்பீர்கள். ஆர்கோ, அதாவது ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, 4 கிரெடிட். ஏ வாங்கியிருந்தால் 4.0, சி பிளஸ் 2.3. கிரெடிட்டுக்கு 1.7 வீதம் இழந்தது 6.8 புள்ளி. அதை 45 கிரெடிட்டில் பரப்பினால் 0.15. வலிக்கும்தான். டிகிரி முடிக்கும்போது 120 கிரெடிட்டில் பரப்பினால் அது 0.06கூட இல்லை. இனிமேல் சராசரி 3.8 எடுத்தால் மூன்றாம் ஆண்டு முடிவில் 3.6, நான்காம் ஆண்டு முடிவில் 3.65.

மறு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அங்கே எம்.டி. என்பது நம் எம்.பி.பி.எஸ். மாதிரி முதல் மருத்துவப் பட்டம். வருடத்துக்கு 50,000க்கு மேற்பட்டவர்கள் எம்.டி. கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள், சுமார் 23,000 பேர் உள்ளே போகிறார்கள். போகிறவர்களின் சராசரி ஜிபிஏ 3.8ஐ ஒட்டி இருக்கிறது. தவிர, உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கையும் விண்ணப்பத்தில் தனியாகக் கூட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கூட்டலில் உங்கள் சி பிளஸ் இன்னும் கனமாக உட்கார்ந்திருக்கும். ஆக, 3.65 என்பது சராசரிக்குக் கீழேதான். ஆனால் அது கதவு சாத்திய எண் இல்லை. சராசரி என்றாலே அதற்குக் கீழே இருப்பவர்களும் உள்ளே போயிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

திரும்ப எடுக்க வேண்டாம் என்பேன். நல்ல கிரேடு வந்தால் பழையது அழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் காலேஜில் அப்படி ஒரு விதி இருக்கலாம். எம்.டி. விண்ணப்பங்களை வாங்கும் பொது அமைப்பான ஆம்காஸ் இரண்டையும் சேர்த்தே கணக்கிடும். டி.ஓ. என்ற இன்னொரு மருத்துவப் பட்டம் தரும் ஆஸ்டியோபதி கல்லூரிகளின் விண்ணப்பத்தில் முன்பு பழையதை விட்டுவிடுவார்கள், 2017இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். ஒரு செமஸ்டரைப் பின்னால் நடப்பதற்குச் செலவழிப்பதைவிட இரண்டாம் பாகத்தில் ஏ வாங்குங்கள். சி பிளஸ்ஸுக்குப் பக்கத்தில் அந்த ஏ நின்றால், படிக்கிறவர் தானாகப் புரிந்துகொள்வார். விண்ணப்பத்தையும் மூன்றாம் ஆண்டு முடிவிலேயே போட்டாக வேண்டும் என்றில்லை. டிகிரி முடித்து ஒரு வருடம் கழித்துப் போகிறவர்கள் அங்கே ஏராளம். நான்காம் ஆண்டு கிரேடும் கணக்கில் வரும், மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டுக்கும் நிதானமாகத் தயாராகலாம்.

விட்டுவிடலாமா என்ற கேள்வி கரூர்க் கண்ணோடு கேட்ட கேள்வி. நம் ஊரில் ஒரு நாள், ஒரு பரீட்சை, ஒரு கட்-ஆஃப். அரை மார்க்கில் சீட் போன கதை தெருவுக்கு ஒன்று உண்டு. அந்தப் பயத்தைப் பெட்டியில் வைத்து விமானம் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். ஜிபிஏ வேறு ஜாதி, சீட்டுப் பணம் மாதிரி மாதாமாதம் கட்டுவது. ஒரு சி பிளஸ்ஸுக்காக விட வேண்டாம். இதே மாதிரி இன்னும் இரண்டு வந்தால் எழுதுங்கள், அப்போது பேசுவோம்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது கிரேடு இல்லை, ‘வரி விடாமல் மனப்பாடம்’ என்ற இடம். ஒரு மாணவி என்னிடம் சந்தேகம் கேட்க வருவாள். ரப்பர் பேண்டு போட்ட அட்டைக் கட்டு, முந்நூறு இருக்கும். வினைக்கு ஓர் அட்டை, நாலு கலர் மை. எதைக் கேட்டாலும் விடை சரியாக வரும். ஒருநாள் மெத்தில் புரோமைடும் ஹைட்ராக்சைடும் எழுதி, எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் அம்பு மட்டும் போடச் சொன்னேன். இருப்பதிலேயே எளிய வினை அது. அம்பு எலக்ட்ரான் இருக்கும் இடத்திலிருந்து, அதாவது ஆக்சிஜனிலிருந்து கிளம்பிக் கார்பனுக்குப் போக வேண்டும். அவள் கார்பனிலிருந்து ஆக்சிஜனுக்குப் போட்டாள். விடை சரி, அம்பு தலைகீழ். அன்றைக்கு அட்டைகளை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். பாவம், ஏதோ நகையைக் கழற்றிக் கொடுப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு கொடுத்தாள். பிறகு தினமும் வெள்ளைத் தாளில், எதையும் பார்க்காமல் அம்பு போட்டுப் பழகினாள். பேனா எங்கே நிற்கிறதோ அங்கேதான் அவளுக்குத் தெரியாதது இருந்தது. நீங்களும் முதல் பாகத்தை விடுமுறையில் அப்படி ஒரு முறை ஓட்டிவிடுங்கள். இரண்டாம் பாகம் பெரும்பாலும் கார்போனைல், அதாவது கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்த மூலக்கூறுகள். மூலக்கூறு பெரிதாகும், அம்பு அதேதான்.

இந்தப் பாடத்தில் திணறுவது நீங்கள் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 2022இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஆர்கோ வகுப்பின் 350 பேரில் 82 பேர் மனுவே போட்டார்கள். அந்தப் பாடத்துக்குப் புத்தகம் எழுதிய பேராசிரியருக்கு வேலை போயிற்று. யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் நான் பேப்பர் திருத்தியவன், என் சாய்வு உங்களுக்கே தெரியும்.

அப்பா விஷயம். ‘டாக்டருக்குப் படிக்கிறா’ என்றால் நம் ஊரில் சீட் கிடைத்துவிட்டது என்று பொருள். ப்ரீ-மெட் என்பது சீட்டே இல்லை, போக நினைக்கிறேன் என்பதற்கு வைத்த பெயர். வரலாறு படிக்கிறவரும் ப்ரீ-மெட்டாக இருக்கலாம். அப்பாவுக்கு இது தெரியாமல்கூட இருக்கலாம், யாராவது சொல்லியிருந்தால்தானே? மேலே போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் கோயிலுக்குப் போகும் வழியில் காரிலேயே சொல்லிவிடுங்கள். ஹைவேயில் ஓட்டுகிறவர் திரும்பி முறைக்க முடியாது.