கோத்தகிரில கோழி வளர்க்க நகைய அடகு வைக்கலாமா?

கேள்வி: சார், கோத்தகிரி பக்கம் எங்க வீடு, பின்னாடி மூணு சென்ட் சும்மா கிடக்கு. கோழி வளர்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை. ஆர்.டி. முடிஞ்சு 45,000 கைக்கு வந்திருக்கு. ஆசாரி 25 கோழிக்கு கூண்டு அடிக்க 38,000 கேக்கறார். கொழுந்தனாரோ, செய்றதே செய்றீங்க அண்ணி, நகைய வெச்சு இன்னொரு 50,000 எடுத்து 50 கோழியா விடுங்க, முட்டை 15 ரூபாய்க்கு போகும்ங்கறார். வீட்ல அஞ்சு பேரு, வாரத்துக்கு 20 முட்டை ஆகும். என்ன பண்ணலாம்?

பதில்: நகைய தொடாதீங்க மேடம். வட்டி 10 பர்சென்ட்னு வெச்சாலே 50,000க்கு வருஷம் 5,000 போகும், கோழி முட்டை போட்டாலும் போடலைன்னாலும் அது கட்டியாகணும். அந்த 15 ரூபாய் கணக்கையும் கொஞ்சம் தள்ளி வைங்க. வாங்க ஆள் இருந்தாத்தான் அது 15, உங்க வீட்டு சமையலுக்கு போற முட்டை, நீங்க கடையில வாங்கற வெள்ளை முட்டை ரேட்டுக்குத்தான் சமம். 7 ரூபாய்னு போட்டா வருஷத்துக்கு 1,040 முட்டை, 7,280 ரூபாய். கோழியால மிச்சமாகறது அதிகபட்சம் இவ்வளவுதான், இதுக்கு மேல எழுதற எந்த நம்பரும் விக்கறத நம்பி எழுதறது.

இந்த தேவைக்கு ஆறு பெட்டை போதும். சுத்தமான நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60, 80 முட்டைதான் இடும், அதனால கிராமப்பிரியா மாதிரி முட்டை ரகமா பாருங்க, அது நம்ம ஊர் குளிர்ல 160 இட்டாலும் ஆறுக்கு 960 ஆச்சு, உங்க தேவைக்கு கிட்டத்தட்ட சரியா வரும். சேவல் வேண்டாம், முட்டைக்கு சேவல் தேவையே இல்ல, விடிகாலைல பக்கத்து வீட்டு சண்டைதான் மிச்சம்.

இப்ப தீவனம். ஒரு கோழி நாளைக்கு சுமாரா 110 கிராம் தின்னும், ஆறுக்கு மாசம் 20 கிலோ, கிலோ 35 ரூபாய்னு வெச்சுக்கறேன் (உங்க கடை ரேட்ட போட்டு மாத்திக்கோங்க, மேட்டுப்பாளையத்துல இருந்து மேல ஏத்தற கூலியும் அதுல சேரும்), மாசம் 700, வருஷம் 8,400. ஆனா 960 முட்டைய 7 ரூபாய்க்கு போட்டா 6,720தான். பாத்தீங்களா, கடைத் தீவனத்த மட்டும் நம்பினா கூண்டுக்கு முன்னாடியே நஷ்டம். சமையல்கட்டு மிச்சம், கேரட் தழை, கோஸ் இலை, பகல்ல மேய்ச்சல்னு மூணுல ஒரு பங்கு குறைஞ்சாதான் செலவு 5,600க்கு வரும், அப்ப வருஷத்துக்கு ஆயிரத்து சொச்சம் கையில நிக்கும். 38,000 கூண்டு எந்த ஜென்மத்துல தேறும் சொல்லுங்க. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அதனால கூண்டு 10,000க்குள்ள முடியணும். கோழிக்கு 2 சதுர அடின்னு 12 வருது, 4க்கு 4 அடிச்சா தாராளம். மர மில்லுல சில்வர் ஓக் கழிவு கட்டை கிடைக்கும், பழைய தகரம் மேல போட்டுக்கலாம், தரையில இருந்து ரெண்டு அடி தூக்கி கால் வெச்சு அடிங்க. காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் வலை. மெல்லிசான கோழி வலை கோழிய உள்ள வெக்கும், கீரியையும் மரநாயையும் வெளிய வெக்காது, அரை இஞ்ச் வெல்ட் மெஷ்தான் வாங்கணும். இன்னொன்னு, குளிருதேன்னு சுத்தி தார்ப்பாய் கட்டி மூடிடாதீங்க. கோழி குளிர தாங்கும், ஈரத்தையும் எச்சத்துல இருந்து கிளம்பற நெடியையும் தாங்காது, மூச்சு நோய்ல போயிடும். மேல கூரை ஓரமா நாலு விரல் சந்து விட்டு, காத்து நேரா மேல அடிக்காம பாத்துக்கணும். தீவன மூட்டைய மூடி போட்ட தகர டிரம்ல வைங்க, உங்க ஏரியாவுல கரடி வரும்னு நான் சொல்லியா தெரியணும்.

குஞ்சு சீப்பா இருக்குன்னு ஒரு நாள் குஞ்சு வாங்காதீங்க. முதல் வாரம் 35 டிகிரி சூடு வேணும், கோத்தகிரில 100 வாட் பல்பு ராப்பகலா அஞ்சு வாரம் எரிஞ்சா 84 யூனிட், ஃப்ரீ யூனிட்ல பெரிய பங்கு அதுக்கே போயிடும். அதுலயும் பாதி சேவலா வளந்து நிக்கும். தடுப்பூசி போட்ட மூணு மாச பெட்டையா, ஒண்ணு 400 ஆனாலும் பரவால்ல, ஆறு வாங்குங்க 2,400. அதுவும் முட்டைக்கு வர இன்னும் ரெண்டு ரெண்டரை மாசம் ஆகும், அதுவரைக்கும் தீவனத்துக்கு 1,500 தனியா. தட்டு, தண்ணி டப்பா, டிரம் 1,500. கைச்செலவுக்கு 2,000. எல்லாம் சேத்து 17,400.

வெள்ளைக் கழிச்சல் வந்தா ரெண்டு நாள்ல கூண்டே காலி, ஊசி தேதிய கால்நடை மருத்துவமனைல கேட்டு காலண்டர்லயே எழுதி வைங்க. பக்கத்து தேயிலைத் தோட்டத்துல மருந்து அடிச்சா ஒரு வாரம் மேய விடாதீங்க.

ரெண்டு வருஷம் கழிச்சு முட்டை குறையும். அப்ப அந்த கோழிய விக்கறதா, குழம்பு வெக்கறதா, சும்மா வளக்கறதான்னு இப்பவே வீட்ல பேசிடுங்க, புள்ளைங்க பேரு வெச்சதுக்கு அப்புறம் பேசறது கஷ்டம். சும்மா வெச்சா ஒரு கோழிக்கு வருஷம் ஆயிரம் ரூபாய் பக்கம் தீவனம் போகும்.

அப்புறம், குஞ்சும் நாங்களே தர்றோம் முட்டையும் நாங்களே எடுத்துக்கறோம்னு யாராவது அட்வான்ஸ் கேட்டா கதவ சாத்துங்க, 2012ல பெருந்துறைல ஈமு கோழிக்கு பணம் கட்டி ஏமாந்தவங்க கதை உங்களுக்கு தெரியும்.

மிச்சம் 27,600 வருது. அத அப்படியே ஒரு வருஷ டெபாசிட்ல போட்டுடுங்க, முட்டை கணக்கு ஒரு வருஷம் எழுதி வாங்க, 960க்கு மேல வந்து அக்கம்பக்கத்துல கேட்டு வாங்கினாங்கன்னா இன்னும் நாலு கோழி சேக்கலாமான்னு அப்ப பேசலாம்.