படகில் கீறல்: தேய்க்கும் முன் உலோகத்தைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நங்கூரச் சங்கிலி உரசி, படகின் எவர்சில்வர் கைப்பிடிக் கம்பியில் நீளநீளமாகக் கீறல். இரும்பு நாரால் தேய்த்தேன், பளிச்சென்று ஆனது. பத்தே நாளில் தேய்த்த இடமெல்லாம் பழுப்புப் பொட்டு. மட்டமான கம்பியா?

பதில்: கம்பியைக் குறை சொல்லாதீர்கள். வினை அந்த நாரில் இருந்தது. தேய்க்கும்போது உதிர்ந்த இரும்புத் துகள் கீறலுக்குள் பதிந்துகொள்ளும். முதலில் துருப்பிடிப்பது அதுதான். எவர்சில்வரைக் காப்பது மேலே தானாகப் படியும் குரோமியம் ஆக்சைடு படலம். அது உருவாகக் காற்று படவேண்டும். துகளும் உப்பும் அடைத்த இடத்தில் காற்றுக்கு வழியில்லை, அதனால் கம்பியே குழி விழத் தொடங்கும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரக எவர்சில்வர், சாதாரண 304 ரகத்தைவிடக் கடலைத் தாங்கும். ஆனால் இப்படித் தேய்த்தால் அதுவும் கறைபடும்.

நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவிவிட்டு, கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். நகம் தடுக்காவிட்டால் பாலிஷ் பசையும் துணியும் போதும். தடுத்தால் 400-ஆம் எண் உப்புத்தாள், ஆழமான கோடென்றால் 240 (எண் கூடக்கூடத் தாள் நைஸாகும்). ஓரத்தில் பிசிறு நின்றால் அதை முதலில் நைஸ் அரத்தால் எடுத்துவிடுங்கள். இரும்பைத் தேய்த்த அரம் வேண்டாம். பிறகு 400, 600, 800, 1200 என்று வரிசையாக, தாளை நனைத்தே தேய்க்க வேண்டும். ஒரு எண்ணில் நீளவாக்கில் தேய்த்தால் அடுத்ததில் குறுக்குவாக்கில். முந்தைய தாளின் கோடுகள் ஒன்றுகூட இல்லாமல் மறைந்த பிறகே அடுத்த எண். நடுவில் ஒன்றைத் தாண்டினால், கடைசியில் பாலிஷ் போடும்போதுதான் பழைய கோடு பல்லை இளிக்கும். திரும்பவும் 400-க்குப் போகவேண்டி வரும்.

மெஷினில் பாலிஷ் போட்டால் சக்கரத்தை ஒரே இடத்தில் அழுத்தாதீர்கள். சூடேறி வைக்கோல் நிறமோ நீலமோ வந்தால் அங்கே காப்புப் படலம் கெட்டுவிட்டது, துரு அங்கிருந்துதான் கிளம்பும். கம்பியைச் சுற்றியுள்ள தளத்துக்கு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பாலிஷ் பசையின் கறுப்பு, வெள்ளைத் தளத்தில் ஏறினால் லேசில் போகாது.

பலரும் விட்டுவிடும் வேலை ஒன்று பாக்கி. ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்து, அதில் நனைத்த பருத்தித் துணியைக் கம்பியில் சுற்றி, காயாமலிருக்க மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி அரை மணி நேரம் விடுங்கள். பதிந்த இரும்பு கரைந்துபோகும். பிறகு தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். துத்தநாக முலாம் பூசிய பொருளிலும் அலுமினியத்திலும் இந்தக் கரைசல் படக்கூடாது. கழிவறை ஆசிட், பிளீச்சிங் இரண்டையும் எவர்சில்வர் பக்கமே கொண்டுவராதீர்கள். குளோரைடுதான் அதற்கு எமன்.

கேள்வி: கயிறு கட்டும் கிளீட்டில் கீறலுக்குள் மஞ்சளாகத் தெரிகிறது, பச்சையும் பூக்கிறது. காந்தம் ஒட்டவில்லையே, எவர்சில்வர்தானே?

பதில்: காந்தம் பித்தளையிலும் ஒட்டாது. மஞ்சளும் பச்சைக் களிம்பும் தெரிந்தால் அது குரோம் முலாம் பூசிய பித்தளையோ வெண்கலமோதான். அலங்கார முலாமில் மேலே இருக்கும் குரோம் ஒரு மைக்ரான்கூட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்காது, அதனடியில் நிக்கல். உப்புத்தாள் பட்டால் நல்ல இடமும் போய்விடும். முலாம் உரிந்து கத்திபோல் நிற்கும் விளிம்பு கயிற்றை அறுக்கும். அந்த விளிம்பை மட்டும் ஈரமான 600-ஆம் எண் தாளால் மழுக்கி, சோப்புநீரில் கழுவி, உலர்த்தி, மெழுகு பூசுங்கள். புதுசுபோல் வேண்டுமென்றால் கழற்றி முலாம் பட்டறைக்குத்தான் கொடுக்கவேண்டும்.

கேள்வி: அனோடைஸ் செய்த அலுமினியத்தில் கீறலை பாலிஷ் போடலாமா?

பதில்: கூடாது. அனோடைஸ் என்பது மின்சாரத்தால் அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் ஏற்றுவது. அந்தப் படலத்தின் கனம் பெரும்பாலும் 10 முதல் 25 மைக்ரான். பாலிஷ் போட்டால் சுற்றியிருப்பதும் தேய்ந்துபோகும். மெல்லிய கீறலைக் கழுவி அப்படியே விட்டுவிடுங்கள். வெள்ளைப் பொடி பூத்தால் மட்டும் அதைச் சுரண்டி, அலுமினியத்துக்கான பிரைமர் அடித்துப் பெயின்ட் பூசுங்கள்.

கேள்வி: பாய்மரத்தைத் தாங்கும் கம்பி மாட்டும் எவர்சில்வர் பட்டையில், துளை அருகே ஒரு கோடு. தேய்த்தும் போகவில்லை.

பதில்: தேய்ப்பதை நிறுத்துங்கள், அது விரிசலாக இருக்கலாம். கீறல் தேய்த்தால் ஆழம் குறைந்து மறையும். விரிசல் அப்படியே நிற்கும், பெரும்பாலும் துரு நிறம் கசியும். வெல்டிங் பட்டறைக்காரர்கள் வைத்திருக்கும் சிவப்புச் சாயச் சோதனை செய்யுங்கள். இடத்தைச் சுத்தம் செய்து சாயம் அடித்து, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, துடைத்துவிட்டு, உள்ளே போன சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளை டெவலப்பரைத் தெளியுங்கள். சிவப்புக் கோடு எழும்பினால் வெல்டு வைத்து மூடப் பார்க்காதீர்கள், பட்டையையே மாற்றுங்கள். மாற்றும்வரை பாய் ஏற்றவேண்டாம். அதே வயதில் மறுபக்கம் இருக்கும் பட்டையையும் கழற்றிப் பாருங்கள், குறிப்பாகத் தளத்துக்குள் மறைந்திருக்கும் பகுதியை.