எட்டரை மணித் தண்ணீர்

வணக்கம் ஐயா,

என் மகள் கோத்தகிரியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். இந்தப் பருவத்தில் கணக்கில் தசமம், பரப்பளவு, கொள்ளளவு நடக்கிறது, அறிவியலில் வானிலை. ‘மழைமானி என்றால் என்ன’ என்று கேட்டால் ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பிப்பாள். ஆனால் 7.4, 7.12 இரண்டில் எது பெரியது என்ற கேள்விக்கு 7.12 என்று எழுதிவிட்டு வந்திருக்கிறாள். மழைமானி செய்துவரச் சொன்னார்கள். நான் கடையில் படம் வாங்கி சார்ட்டில் ஒட்டிக் கொடுத்தேன், நல்ல மதிப்பெண் கிடைத்தது. ல, ள, ழ வேறு குழப்புகிறாள். டியூஷன் சேர்க்கலாமா? ஆங்கில வழிக்கு மாற்றிவிடலாமா?

ஒரு வாசகி, கோத்தகிரி

அன்புள்ள சகோதரிக்கு,

ல, ள, ழ வாசிக்க வாசிக்கச் சரியாகிவிடும். தசமம் புரியாததற்கும் பயிற்றுமொழிக்கும் சம்பந்தமில்லை. அந்த இரண்டையும் விட்டுவிடுங்கள்.

உங்கள் மகள் கவனக்குறைவாக எழுதவில்லை. பன்னிரண்டு நான்கைவிடப் பெரிது என்று யோசித்துத்தான் எழுதியிருக்கிறாள். புள்ளிக்குப் பின்னால் இருப்பதைத் தனி முழு எண்ணாக எடுத்துக்கொள்கிறாள். நாம் ‘ஏழு புள்ளி பன்னிரண்டு’ என்று வாசித்துக் காட்டினால் பிள்ளை வேறு எப்படி நினைக்கும்? ‘ஏழு புள்ளி ஒன்று இரண்டு’ என்று வாசியுங்கள். கிரிக்கெட் பார்க்கும் வீடாக இருந்தால், ஓவர் கணக்கில் வரும் புள்ளி தசமப் புள்ளி இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். அங்கே 7.5க்கு அடுத்த பந்தில் 8 வந்துவிடும்.

அந்த சார்ட் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். மழைமானி செய்யச் சொன்னது அவளை. படம் ஒட்டியது நீங்கள். தசமம், பரப்பளவு, கொள்ளளவு, வானிலை என்று நான்கு பாடமும் ஒரே பாத்திரத்தில் வந்து சேரும் வேலை அது. அதை அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டு டியூஷன் பற்றிக் கேட்கிறீர்கள். அன்பினால் செய்தீர்கள் என்பது தெரிகிறது. ஆனால் இனிமேல் செய்யாதீர்கள்.

இப்போது பாத்திரத்துக்கு வருவோம். பாட்டிலை வெட்டிச் செய்வது எல்லோரும் சொல்லும் வழி. நீலகிரியில் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, அது ஒரு பக்கம். பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும் என்பது இன்னொரு தொல்லை. கூழாங்கல்லும் தண்ணீரும் விட்டு அந்தக் குழிகளை நிரப்பி, சுவர் நேராகும் இடத்தில் பூஜ்யக் கோடு போட வேண்டும். அதைச் செய்யாமல் அடியிலிருந்தே ஸ்கேலை ஒட்டினால் எல்லா அளவும் தப்பு. போதாததற்கு, பிளாஸ்டிக் ஸ்கேலில் பூஜ்யம் விளிம்பில் தொடங்காது, கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் இருக்கும்.

அதனால் ஒரு எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள். சுவர் செங்குத்தாக இருக்கட்டும், ஆழம் 18 செ.மீ. போதும். ஆழம் குறைந்த தட்டு, கிண்ணம் வேண்டாம், விழுகிற துளி தெறித்து வெளியே போய்விடும். முதலில் வாயின் பரப்பளவு தெரிய வேண்டும். பாத்திரத்தை கிராஃப் தாளில் கவிழ்த்து வட்டம் வரையத்தான் அவளுக்குத் தோன்றும். தப்பு நடக்கும் இடமே அதுதான். எவர்சில்வர் விளிம்பு மடித்திருக்கும். உள்விட்டம் 14 செ.மீ. என்றால் வெளிவிட்டம் 14.6 வரைகூட இருக்கலாம். உள்ளே 154 சதுர செ.மீ., வெளியே 167. இந்த 13 சதுர செ.மீ. வித்தியாசம் தினமும் மழையைக் குறைத்துக் காட்டிக்கொண்டே இருக்கும். ஸ்கேலை வாயின் குறுக்கே வைத்து உள்விட்டத்தை அளந்து, காம்பஸால் வட்டம் போடச் சொல்லுங்கள். பிறகு ஒரு செ.மீ. கட்டங்களை எண்ணட்டும். முழுக் கட்டம் ஒன்று, பாதிக்கு மேல் உள்ளே இருந்தாலும் ஒன்று, பாதிக்குக் கீழே இருந்தால் விட்டுவிடலாம். 154க்கு மிக அருகில் வந்து நிற்பாள்.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் அந்த 154 சதுர செ.மீ. மேல் 0.1 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர், அதாவது 15.4 மி.லி. பால்புட்டியில் மி.லி. கோடு இருக்கும், பெரும்பகுதியை அதில் அளக்கலாம். மிச்சத்துக்கு மருந்துக்கடையில் ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்ச் வாங்குங்கள். சிரிஞ்சிலேயே எல்லாவற்றையும் அளக்கப் பார்த்தால் பாதியில் எண்ணிக்கை மறந்துவிடும். காலையில் 231 மி.லி. இருந்தது என்று வையுங்கள். 154 என்பது 10 மி.மீ., மீதி 77, அது 154இல் பாதி. ஆக 15 மி.மீ. மழை. வகுத்தல் தேவைப்படவே இல்லை.

பாத்திரத்தை வெட்டவெளியில், விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் வருமாறு வையுங்கள். தாழ வைத்தால் தரைத் தண்ணீர் தெறித்து உள்ளே விழும். சில்வர் ஓக் மரத்தடி கூடவே கூடாது. மூடுபனி இலையில் சேர்ந்து சொட்டி, மழையே இல்லாத நாளில்கூட அளவு காட்டும். மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி வைப்பது நல்லது. குரங்கு தூக்கிப் போகாதபடி கனமான மண்தொட்டிக்குள் இறுக்கி வையுங்கள். ஊட்டி, தலைக்குந்தா பக்கம் இதைச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உறைபனிக் காலையில் தண்ணீர் கட்டியாகியிருந்தால், அளந்த வெந்நீர் விட்டுக் கரைத்து, விட்ட அளவைக் கழித்துவிடுங்கள்.

தினமும் காலை 8.30க்கு அளக்க வேண்டும், இந்திய வானிலைத் துறையின் நேரமும் அதுதான். வேன் எட்டுக்கே வந்துவிடும் என்றால் எட்டு மணி. ஆனால் தினமும் அதே எட்டு. செவ்வாய் மாலை கொட்டிய மழை புதன் காலை அளவில்தான் வரும், புதன் தேதியில்தான் எழுத வேண்டும். பிள்ளைகள் இதை விடாமல் மாற்றி எழுதுவார்கள். மழை இல்லாத நாளுக்குக் கட்டாயம் 0 போட வேண்டும். கட்டத்தைக் காலியாக விட்டால் மழை இல்லையா, அளக்க மறந்தாளா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. மறந்த நாளுக்கு ‘அளக்கவில்லை’ என்று எழுதட்டும். மறுநாள் கிடைப்பது இரண்டு நாள் மொத்தம், அதை அப்படியே குறிக்கட்டும், ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் போடக் கூடாது. நல்ல பெண் என்ற பெயருக்காக யூகித்து நிரப்பினால் கண்டியுங்கள். உண்மையாக ‘அளக்கவில்லை’ என்று எழுதினால் பாராட்டுங்கள்.

இரண்டு வாரத்தில் நோட்டில் 7.4ம் வரும், 2.5ம் வரும். வானிலைத் துறைக் கணக்கில் ஒரு நாளில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அது மழைநாள். கனமழை என்ற சொல் ஒரு நாளில் 64.5 மி.மீ.யில் தொடங்குகிறது. பேப்பரில் கோத்தகிரிக்கு 7 செ.மீ. என்று போட்டிருந்தால் அது 70 மி.மீ. என்று மாற்றி, தன் நோட்டோடு ஒப்பிடட்டும். 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து உயிர்களைக் கொண்டுபோன மலை இது. இங்கே வளரும் பிள்ளைக்கு அந்த எண் எவ்வளவு தண்ணீர் என்று கையால் தெரிந்திருக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் இதே நீலகிரியில் உள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. உங்கள் 18 செ.மீ. பாத்திரம் நான்கு முறைக்கு மேல் நிரம்பியிருக்கும். அடைமழை நாளில் நடுவே ஒருமுறை அளந்து கொட்டிவிட்டு, அதையும் மறுநாள் காலைக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

டியூஷன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். பருவம் முடிந்ததும் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஊற்றும்போது சிந்திய நாள் இருந்தால், அதையும் அவள் கையெழுத்திலேயே குறித்திருக்கிறாளா என்று பாருங்கள்.